செம்மண்ணும் பேவர் பிளாக்கும்

விளையாட்டு விழா என்று அழைத்தார்களே என்று சென்ற வாரம் புதுக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றுக்குப் போய், பிரதம விருந்தினர் பேசி முடிக்கும்வரை மைதானத்தில் பதித்திருந்த பேவர் பிளாக் கற்களின்மேல் நின்றதில், செருப்பையும் கடந்து உள்ளங்காலில் ஏறிய உஷ்ணம் இன்னும் தணியாத நிலையில், பள்ளி மைதானங்கள் எவ்விதம் அமைய வேண்டும் என்று மகாஜனங்களுக்கு ஒரு யோசனை சமர்ப்பிக்கவே இதை எழுதத் துணிந்தேன்.

அதற்குமுன் அந்தக் கல்லைப் பற்றி இரண்டு வார்த்தை. புதுக்கோட்டைச் சீமையில் செம்மண்ணுக்குப் பஞ்சமில்லை. 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபோதுகூட இருந்த இடத்தில் இருந்த மண், இப்போதுதான் காணாமற்போகிறது. அந்த மண்ணில் விழுந்த பையன் எழுந்து தட்டிக்கொண்டு போய், அழுக்குச் சட்டைக்காக வீட்டில் அடி வாங்குவான், விஷயம் முடிந்தது. கல்லில் விழுகிறவனுக்கோ முழங்காலில் தோல் மிஞ்சுவதில்லை. கிட்டிப்புள்ளுக்குக் குழி தோண்ட வழியில்லை. கோலி, இரு கற்களின் சந்தில் சமாதியடைகிறது. பம்பரத்தின் ஆணி முதல் குத்திலேயே மழுங்குகிறது. பாண்டிக்குக் கட்டம் கிழிக்கும் சிரமம் இல்லைதான். ஆனால் அந்த நெளிந்த கட்டங்களில் நொண்டியடிக்க நடராஜருடைய கால் வேண்டும். சடுகுடுவுக்கு 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் போதும், இடமும் தாராளமாக இருக்கிறது. எனினும் பிடிபட்டவன் கீழே விழுவது அவ்விளையாட்டின் தர்மமாயிற்றே! வெயிலைச் சொல்லாவிட்டால் கல்லுக்குத் துரோகம் செய்தவனாவேன்: வேப்பமரத்தை வெட்டிக் கல் பாவிய அதே கனவான்கள், நிழலுக்குத் தகரக் கொட்டகை போட நன்கொடைப் புத்தகத்தோடு வருகிறார்கள்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது; நீள அகலம் சொல்லவில்லை, மண்ணைப் பற்றியும் மூச்சில்லை. தரை என்றால் மண் என்று நம்பிய அப்பாவிகள் எழுதியிருப்பார்கள் போலும். இந்த மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் இரண்டாவதாக ஓடி வந்தார். பதக்கத்தைப் பிறகு பறித்ததைச் சொன்னால் என் ஹாஸ்யம் கெட்டுவிடும். ஓடத் தெரியாத ஜனங்கள் அல்ல நாம் என்பதே என் பிரஸ்தாபம்.

விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்டு திருப்பித் தராத சம்பிரதாயம் இருக்கும்வரை, கல்லானாலென்ன, மண்ணானாலென்ன என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பள்ளியின் பின்புறம் கொஞ்சம் செம்மண் மிச்சமிருக்கிறது. அதற்கும் உபயதாரர் தேடுகிறார்களாம். ஒருவரும் அகப்படக்கூடாதென்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருக்கிறேன். அதைச் சிதறடிக்கக் கல்தான் வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.