வழித்தடம் எண் 41: இன்னொரு சாம்பலாறு

பெறுநர்: மலையேற்ற வழித்தடங்களை வகுக்கும் அதிகாரிகள், வனத்துறை மற்றும் சுற்றுலாத்துறை, தமிழ்நாடு அரசு, சென்னை.

அனுப்புநர்: ராயபுரம் முதல் எண்ணூர் முகத்துவாரம் வரை நடக்கிறவர்கள் சார்பில் ஒருவர்.

பொருள்: வடசென்னையில் வழிகாட்டியுடன் ஒருநாள் நடைபயணம் – காட்சிமுனைகள் அமைத்தல் – அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்துக்குப் பாராட்டு சொல்லிவிட்டுத்தான் விண்ணப்பத்துக்கு வரவேண்டும். 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்கள், இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற வழிகாட்டி, எளிது, மிதம், கடினம் என்று தரம் பிரித்த பட்டியல். நீலகிரியில் லாங்வுட் சோலை, திருவள்ளூரில் குடியம் குகை, தேனியில் குரங்கணியிலிருந்து சாம்பலாறு. குடியம் வரை வந்தவர்கள் இன்னும் கொஞ்சம் கிழக்கே நடந்திருந்தால் எங்கள் ஊரே வந்திருக்கும். போகட்டும். ஆனால் ‘சாம்பலாறு’ என்ற பெயரைப் பட்டியலில் பார்க்கும் எண்ணூர்க்காரர், தம் ஊருக்குத்தான் அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. தேனியில் அது பெயரளவில்தான் சாம்பல். நிஜமாகவே சாம்பல் கலந்து ஓடும் ஆறு எங்களிடம் இருக்கிறது. அதற்குக் கொசஸ்தலையாறு என்று வேறேதோ பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் ஒரு மாவட்டத்திலும் சரக்கு இன்னொரு மாவட்டத்திலும் கிடப்பது நிர்வாகக் குளறுபடி. அதைச் சரிசெய்ய 41ஆவது வழித்தடம் ஒன்றை அனுமதிக்க வேண்டுகிறோம்.

மலைக்குப் போனால் இயற்கை, வடசென்னைக்கு வந்தால் தொழிற்சாலை என்ற பாகுபாட்டில்தான் உங்கள் பட்டியல் உருவாகியிருக்கிறது. ஒரு தேயிலைச் செடியை அருகில் போய்ப் பார்த்தாலே அந்தப் பாகுபாடு ஆட்டம் காணும். தேயிலை இயல்பில் ஒரு மரம். விட்டால் வீட்டுக் கூரையைத் தாண்டி வளரும். அதை இடுப்பளவில் நிறுத்தி, தலையைச் சமமாகச் சீவி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெறுங்குச்சியாகும் வரை கவ்வாத்து செய்து, பூப்பதும் காய்ப்பதும் மறந்து கொழுந்து மட்டுமே தள்ளும்படி பழக்கிவைத்திருப்பதற்குப் பெயர்தான் எஸ்டேட். படங்களில் பச்சைக் கம்பளமாகத் தெரிவது, பறிக்கிற கைக்கு எட்டும் உயரம். கம்பளத்தில் ஓடும் கோடுகள், ஆள் நுழைந்து வேலை செய்ய விட்ட சந்துகள். நடுநடுவே ஒய்யாரமாக நிற்கும் சில்வர் ஓக், நிழலுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட மரம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சோலைக்காட்டையும் புல்வெளியையும் அழித்துத்தான் இதெல்லாம் மலைச்சரிவுகளில் ஏறியது. ஆக, காட்சிமுனையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பயணிகள் வாய்பிளந்து பார்ப்பது கூரை போடாத ஓர் ஆலையை. ஆலையைப் பார்க்கக் கட்டணம் வாங்கலாம் என்று அரசே முடிவு செய்துவிட்ட பிறகு, கூரை போட்ட ஆலைகளை மட்டும் ஒதுக்குவது என்ன நியாயம்?

வனத்துறைக்கு இது புதுச் செய்தியாக இருக்க முடியாது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க, 1968இல் அரசே தேயிலை நட முடிவெடுத்தது. நட்டது வனத்துறை. அதுதான் 1976இல் ‘டேன்டீ’ என்ற கழகமானது. மாஞ்சோலையின் கதையும் உங்கள் கோப்புகளில் இருக்கும்: 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன காடு, 1999 ஜூலை 23 அன்று கூலிப் பிரச்சினைக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போய்த் தாமிரபரணியில் பிணமாகக் கிடந்த 17 பேர், 2024இல் குத்தகைக் கம்பெனி விலகிக்கொள்ள, தலைமுறைகளாக வாழ்ந்த லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட குடும்பங்கள். ஆனால் மாஞ்சோலை என்றதும் பயணக் குறிப்புகளில் முதலில் வந்து நிற்பது மூடுபனி. பனிக்குப் பின்னால் இருப்பது தெரியாததுதான் அந்த இடத்தின் அழகு போலும்.

எங்கள் வாதம் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு காட்சிமுனைக்கும் ஒரு மறுமுனை இருக்கிறது. நீங்கள் ஒரு முனைக்கு மட்டும் டிக்கெட் கிழிக்கிறீர்கள். மெரினாவை எடுத்துக்கொள்ளுங்கள். கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிய சென்னைத் துறைமுகத்தின் சுவர் தடுத்து நிறுத்தியது. தேங்கிய மணல் மெரினாவாக அகன்றது. மணல் வராத வடக்குக் கரையைக் கடல் தின்னத் தொடங்கியது. மெரினாவில் மாலையில் சுண்டல் தின்று காலாற நடக்கும் இடத்துக்கு, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கருங்கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டுக்கொண்டிருக்கும் கரைதான் மறுமுனை. தேயிலைக்கும் அப்படியே. அந்தப் பச்சைக்குத் தழைச்சத்து வேண்டும், தழைச்சத்துக்கு உரம், உரத்துக்கு அம்மோனியா. 2023 டிசம்பர் 26 அன்று நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்து மக்களை மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவில் ஓடவைத்ததும் உர ஆலைக்கு வந்த அம்மோனியாதான். அதே அம்மோனியா குன்னூருக்குப் போக இருந்தது என்று சொல்லவில்லை. அவ்வளவு நேர்க்கோடாக எதுவும் நடப்பதில்லை. பச்சையாக இருக்கும் எந்த இடத்துக்கும் எங்கேயோ ஒரு குழாய் போகிறது, அந்தக் குழாய் யார் வீட்டு வாசலில் விரிசல் விடுகிறது என்பதைப் பார்க்கவும் ஒரு நடைபாதை வேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

உத்தேச வழித்தடத்தைச் சுருக்கமாகத் தருகிறோம். தொடக்கம் ராயபுரம் ரயில் நிலையம், தரம்: எளிது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. மலை ரயிலுக்குக் காத்திருந்து படம் பிடிப்பவர்கள் அதற்கும் மூத்த கட்டடத்தை இங்கே காத்திராமலே பிடித்துக்கொள்ளலாம். காசிமேட்டைக் கடந்து திருவொற்றியூர். தியாகராஜர் கோயில், வடிவுடையம்மன், கடலோரம் பட்டினத்தார் சமாதி. எல்லாவற்றையும் துறந்தவர் கடைசியில் வந்து சேர்ந்த ஊர். நல்ல காற்றையும் துறக்க வேண்டியிருக்கும் என்பது மட்டும் அப்போது அவருக்குத் தெரிந்திருக்காது. அங்கிருந்து எண்ணூர் விரைவுச் சாலை, தரம்: மிதம். விரைவு பெயரில் இருக்கிறது. சாலையில் கண்டெய்னர் லாரிகள் இருக்கின்றன.

முகத்துவாரம், தரம்: கடினம். இங்கே வழிகாட்டி குழுவைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க வேண்டும். எதிரே வடசென்னை அனல்மின் நிலையம்: பழைய அலகுகள் 1,830 மெகாவாட், 2024 மார்ச்சில் தொடங்கிவைத்த புதியது 800. பக்கத்தில் வல்லூர், 1,500. நம் நாட்டு நிலக்கரியில் ஒரு கிலோ எரித்தால் 300 முதல் 400 கிராம் வரை சாம்பல் மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கிக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புவது ஏற்பாடு. குழாய் ஓட்டை விழுந்த இடங்களில் குழம்பு ஆற்றுக்குப் போவது ஏற்பாட்டில் இல்லாத நடைமுறை. அந்த ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்தபடி, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள் பெண்கள். கண்ணுக்கு அங்கே வேலையில்லை, விரல்தான் பார்க்கிறது. சேறு குழைந்து வழிவிடும். சாம்பல் படிந்து இறுகிவிட்டால் விரல் இறங்காது. இறாலும் அங்கே தங்காது. கொழுந்துக் கூடையை முதுகில் தொங்கவிட்டபடி சிரிக்கும் பெண் சுற்றுலாச் சுவரொட்டிகளில் எத்தனையோ முறை வந்துவிட்டார். பறியைக் கடித்த பெண் ஒருமுறையும் வந்ததில்லை. பல்லில் பறி இருந்தால் சிரிக்க முடியாது என்பது காரணமாக இருக்கலாம்.

ஆட்சேபங்கள் வரும் என்று தெரியும். எண்ணூரில் அழகு எங்கே இருக்கிறது என்று முதல் குறிப்பு எழுதப்படும். ஆங்கிலேய ஆட்சியர் சல்லிவன் 1819இல் நீலகிரி ஏறுவதற்கு முன்பே, கம்பெனி காலத்து வெள்ளைக்காரர்கள் படகுச் சவாரிக்கும் ஓய்வுக்கும் எண்ணூருக்கு வந்துகொண்டிருந்தார்கள் என்பதைக் கனிவுடன் நினைவூட்டுகிறோம். அழகு இல்லாத இடம் என்பது இடத்தின் குணமாக இருந்திருந்தால் அவர்கள் வந்திருக்க மாட்டார்கள். இன்றும் மிச்சமிருக்கும் அலையாத்திக்கு நடுவே நீர்ப்பறவைகள் இறங்கத்தான் செய்கின்றன. குன்னூரில் ‘டால்பின் மூக்கு’ என்று ஒரு காட்சிமுனை வைத்திருக்கிறீர்கள். எங்கள் பக்கத்துக் காட்சிமுனைகளுக்கு டால்பின் தேவையில்லை, மூக்கு மட்டும் போதும். ஆலைகள் மிகுந்த மணலியை நெருங்குவது கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும்.

ஆபத்தான இடம் என்பது இரண்டாவது ஆட்சேபம். இதை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 20க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. அதற்குப் பிறகு நீங்கள் விதிகளைக் கடுமையாக்கியதும், தீக்காலத்தில் பாதைகளை மூடுவதும் சரியான காரியம். அதே விதியை இங்கே கொண்டுவந்து பொருத்திப் பாருங்கள். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள்ளேயே வந்தது. சில நாளில் அம்மோனியா. இந்தப் பாதையை எந்த மாதத்தில் மூடுவீர்கள்? தலைக்கவசம், முகக்கவசம், காப்பீட்டுப் படிவம் இல்லாமல் ஒரு பயணி ஒரு பகல் இங்கே நடக்கக் கூடாது என்று நீங்கள் கோப்பில் எழுதினால் எங்களுக்கு முழுச் சம்மதம். அடுத்த வரியில், இங்கேயே பிறந்து வளர்ந்து ராத்திரியும் தூங்குகிறவர்களுக்கு எளிது, மிதம், கடினம் என்ற மூன்றில் எந்தத் தரம் என்பதையும் எழுத வேண்டியிருக்கும். மூன்றும் போதாது என்றால் நான்காவது ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம்.

ஆலையும் மின்சாரமும் இல்லாமல் ஊர் எப்படி நடக்கும், இது வளர்ச்சிக்கு எதிரான விஷமம் என்று இன்னொரு தரப்பு சொல்லும். அவர்களுக்குத்தான் இந்த நடைபயணம் முதலில் வேண்டும். எதையும் மூடச் சொல்லி இதில் ஒரு வரியும் இல்லை. பெருமைக்குரியது என்றால் காட்டுங்கள் என்கிறோம். உதகை விடுதியில் ஹீட்டர் போடுகிறவருக்கு அந்தச் சூட்டின் சாம்பல் எங்கே படிகிறது என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு. தெரிந்த பிறகும் அவர் ஹீட்டர் போடட்டும்.

கடைசி ஆட்சேபம்தான் கனமானது. மனிதர்கள் வாழும் அவலத்தை வேடிக்கைப் பொருளாக்குவதா? வண்டி வைத்து ஆட்களைக் கூட்டிவந்து, குப்பத்து வாசலில் நிறுத்தி, படம் பிடித்துவிட்டுப் போகச் சொல்வது அருவருப்பான காரியம். இதில் பகடி எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கூச்சம் மலை ஏறும்போது எங்கே போகிறது? கொழுந்து பறிப்பவரின் அனுமதி கேட்டா படம் பிடிக்கிறார்கள்? மேலும், வேடிக்கை பார்க்கப்படுவதற்கும் பார்க்கப்படாமலே விடப்படுவதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. மலைப் பாதைகளில் உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களையே வழிகாட்டிகளாக வைத்திருக்கிறீர்களே, அதே வழி. காட்டுக்குப்பத்திலும் சிவன்படைக்குப்பத்திலும் ஆற்றின் ஆழம், மணல்திட்டு, இறால் வரும் பருவம் எல்லாம் கைரேகைபோலத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கே நிற்பது, எதைக் காட்டுவது, எந்த வாசலைத் தாண்டிப் போகக் கூடாது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். கட்டணமும் அவர்களுக்கே போகட்டும். பயணி குனிய வேண்டிய இடத்தில் குனிந்து, ஒருமுறை அந்தச் சேற்றைத் தொட்டுப் பார்க்கட்டும்.

நிர்வாக வசதிக்காக ஒன்று. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வண்டி, வாரக்கடைசியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. ஒரு மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று நிபுணர்களை வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள். எண்ணூர் விரைவுச் சாலை எத்தனை கண்டெய்னர் லாரியைத் தாங்கும், கொசஸ்தலையாறு எத்தனை சாம்பலைத் தாங்கும் என்ற கணக்கையும் அதே நிபுணர்களிடம் சேர்த்துக் கொடுத்தால் செலவு மிச்சம்.

வழித்தடத்துக்கு வரைபடம் இணைக்க வேண்டும் என்ற விதி இருப்பதால் சிறு விளக்கம். 1996இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர மண்டல வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் பாதுகாக்கப்பட வேண்டிய நீர்நிலையாக இருந்தது. பின்னால் புழங்கிய இன்னொரு வரைபடத்தில் அது காணாமல் போயிருந்ததும், அதையொட்டி 2017இல் எழுந்த சர்ச்சையும் தாங்கள் அறிந்ததே. ஆற்றைத் தேடி வரும் பயணிகள் வழிதவறிவிடக் கூடாது என்பதால் பழையதையே இணைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
முகத்துவாரம் வரை நடக்கத் தயாராக உள்ளவர்கள்.

இணைப்பு: 1996 வரைபடம், பிரதி ஒன்று. இதில் ஆறு இருக்கிறது.