நாற்காலித் துணிக்குவியல்: ஓர் ஆராய்ச்சி முன்னுரை

கொடியை விட்டு இறங்கிய துணி, அலமாரிக்குள் ஏறும்வரை தங்கியிருக்கும் இடத்துக்குத் தமிழ்நாட்டு வீடுகளில் நாற்காலி என்று பெயர். அது மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆனதாக இருக்கலாம். சில வீடுகளில் சோபாவின் ஒரு மூலை அந்தப் பதவியை வகிக்கிறது. வசதியான வீடுகளில், வாங்கிய மாதத்தோடு ஓட்டம் நின்றுபோன டிரெட்மில். அதன்மேல் கிடப்பதை அழுக்குத் துணி என்று சொல்ல முடியாது. உடுத்தத் தயாரான துணி என்றும் சொல்ல முடியாது. இந்த இரண்டுங்கெட்டான் பொருளை அறிவுலகம் இன்னும் கண்டுகொள்ளவில்லை. மனிதரின் நாள் வேலைக்கும் வீட்டுக்கும் ஓய்வுக்கும் எப்படிப் பங்கு பிரிகிறது என்று அறியக் குழு அமைக்கிறார்கள், வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிறார்கள். ஹாலில் இருக்கும் நாற்காலியைப் பார்த்தாலே அறிக்கையில் பாதியை எழுதிவிடலாம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வு மரபுப்படி முதலில் பொருளை வகுத்துக்கொள்ள வேண்டும். தொல்காப்பியம் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுக்கிறது. குவியலுக்கும் இது கச்சிதமாகப் பொருந்துகிறது. முதற்பொருளில் நிலம், ஹால். பெரும்பொழுது, மாடியில் எதுவும் காயாமல் ஃபேனுக்கு அடியில் துணி தவம் கிடக்கும் ஐப்பசி, கார்த்திகை. சிறுபொழுது, ஞாயிற்றுக்கிழமை மாலை. ஜோடியை இழந்த சாக்ஸ், துண்டோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்ட கிளிப், தன்னுடையது என்று யாரும் ஒப்புக்கொள்ளாத கர்ச்சீப், உச்சியில் உறங்கும் பூனை ஆகியவை கருப்பொருள். உரிப்பொருள், ஊடல். மருதத் திணைக்கு உரியதென்று இலக்கணம் சொன்ன அதே ஊடல்தான். தலைவன் பரத்தையர் சேரிக்குப் போய் வந்தது அன்றைய காரணம். அவன் குவியலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு ‘என் நீலச் சட்டை எங்கே?’ என்று உள்ளே பார்த்துக் கேட்டது இன்றைய காரணம்.

குவியலின் உள்ளமைப்பை ஆராய்வோருக்கு ஓர் எச்சரிக்கை. கீழடியில் தோண்டுவதுபோல, அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது என்று இங்கே முடிவுகட்டக் கூடாது. காலை எட்டரை மணிக்கு ஸ்கூல் வேனின் ஹார்ன் கேட்டதும் நடுவில் கைவிட்டு இழுப்பதால் அடுக்குகள் கலைந்துபோகின்றன. அரசுப் பள்ளியில் சத்துணவுத் திட்டத்தில் இருக்கும் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு நான்கு செட் சீருடை கிடைக்கிறது. பள்ளி நாளோ வாரத்துக்கு ஐந்து. ஆகவே வெள்ளிக்கிழமைச் சட்டை பெரும்பாலும் குவியலிலிருந்துதான் வர வேண்டும் என்பது வெறும் வகுத்தல் கணக்கு.

இனி, குவியல் ஏன் உண்டாகிறது என்ற கேள்வி.

நேரமில்லை என்பதே பரவலாக நம்பப்படும் காரணம். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு 168 மணி நேரம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வயதுவந்த தொழிலாளிக்கு விதித்த உச்சவரம்பு வாரம் 48 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி வீதம் தூக்கத்துக்கு 56. மீதி 64 மணி நேரம். பஸ்ஸிலும் ரயிலிலும் கரைவதை எவ்வளவு தாராளமாகக் கழித்தாலும், அரை மணி முக்கால் மணி எடுக்கும் துணி மடிப்புக்கு இடம் இல்லாமல் போகாது. அந்த 64 யாருடைய 64 என்று கேட்டால்தான் கணக்கு இடறுகிறது.

இந்தக் குழப்பத்தின் மூலக் குற்றவாளி ராபர்ட் ஓவன் என்று சொல்லலாம். ஸ்காட்லாந்தின் நியூ லனார்க்கில் பஞ்சாலை நடத்திய இவர், ஒரு நாளை உழைப்புக்கு எட்டு, பொழுதுபோக்குக்கு எட்டு, ஓய்வுக்கு எட்டு என்று 1817இல் பிரித்துக் கொடுத்தார். நல்ல மனிதர், காலத்தை மீறிச் சிந்தித்தவர். அந்தப் பிரிவினைதான் சிகாகோ தொழிலாளர் போராட்டம் வழியாக உலகம் சுற்றியது. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதற்கும் பின்புலம் எட்டு மணி நேரக் கோரிக்கைதான். ஆனால் துணி மடிப்பது இந்த மூன்று எட்டில் எந்த எட்டு? ஓவன் சொல்லவில்லை. பஞ்சாலை முதலாளிக்கு, துணி ஆலையை விட்டு வெளியே போன பிறகு அதற்கு என்ன நேர்கிறது என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

பின்னால் வந்தவர்களும் இதைத் தீர்த்துவைக்கவில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில், வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் நிறைவேறியது. வாரத்துக்கு அதே 48 மணிதான், நான்கு நாளில் முடித்துவிட்டு மூன்று நாள் வீட்டில் இருக்கலாம் என்று விளக்கம் சொன்னார்கள். எதிர்ப்பு வலுத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அந்தப் பத்து நாள் விவாதத்தில் முதலாளி பேசினார், தொழிற்சங்கம் பேசியது, தோழமைக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. நான்கு நாள் தொடாமல் கிடக்கும் குவியல் ஐந்தாம் நாள் என்ன உயரம் இருக்கும் என்று அவையில் யாரும் வினா எழுப்பவில்லை. 2025 ஜனவரியில், வாரம் 90 மணி நேரம் உழைக்கலாம் என்று பேசிய எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன், வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பது என்று கேட்டு நாடு முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார். பார்ப்பதற்கு அந்த ஹாலில் வேறு ஒன்றும் இருந்திருக்கும் என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

இரண்டாவது காரணமாகச் சொல்லப்படுவது இயந்திரம் இல்லாமை. வாஷிங் மெஷின் வந்தால் குவியல் குறைய வேண்டும் அல்லவா? சமூகவியலாளர் ஜோன் வானெக் 1974இல் அமெரிக்க இல்லத்தரசிகளின் நேரக் கணக்குகளை ஒப்பிட்டார். வேலைக்குப் போகாத பெண்கள் 1920களில் வாரத்துக்கு 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார்கள். குழாய்த் தண்ணீர், மின்சாரம், சலவை இயந்திரம் எல்லாம் வந்து சேர்ந்த 1960களில் அது 55 மணி நேரம். துணி வேலைக்கான நேரம் கூடியிருந்தது. மக்களிடம் துணி பெருகியிருந்தது, அடிக்கடி துவைக்கவும் ஆரம்பித்திருந்தார்கள். இயந்திரம் வந்ததும் அப்பாவின் பங்கும் பிள்ளைகளின் பங்கும் வெளிச் சலவையகத்தின் பங்கும் மறைந்து, அம்மாவின் பங்கு மட்டும் அப்படியே நின்றது என்று வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் ஒரு புத்தகமே எழுதினார்.

நம் ஊரிலும் கதை அதேதான். சலவைக்கு வெளியே போட்ட காலத்தில் துணி மூட்டையாகப் போகும். நோட்டில் எண்ணி எழுதுவார்கள். வெளுத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் திரும்பி வரும். மடிப்பு அந்தக் கூலிக்குள் அடக்கம். மெஷின் வீட்டுக்குள் வந்தபோது வெளுப்பதை மட்டும் வாங்கிக்கொண்டு மடிப்பைத் தரையில் வைத்துவிட்டது. தெருமுனை இஸ்திரி வண்டி இப்போது எடுத்துக்கொள்வது சட்டையையும் பேன்ட்டையும், விசேஷத்துக்குப் போகும் புடவையையும்தான். (அந்த வண்டியின் கரிக்குப் பதில் சூரிய ஒளியைப் பயன்படுத்தும் யோசனையோடு 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாடு வரை போய்ப் பேசினார் திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர். துணித் துறையில் அண்மைக்கால அறிவியல் சாதனை என்றால் அதுதான்.) நைட்டி, துண்டு, பனியன், தலையணை உறை எல்லாம் நாற்காலிக்கே திரும்புகின்றன.

அரசு இந்தப் பிரச்சினையைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. 2006இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. வீட்டுக்கு வீடு வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011இல் வந்த அ.தி.மு.க. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. ஆக, தமிழ்நாட்டில் பொழுதுபோக்கு முதலில் விநியோகமாயிற்று, வேலைக் குறைப்பு ஐந்து ஆண்டு கழித்து. மின்விசிறியின் முழுப் பயன், அடைமழையில் ஹாலுக்குள் கொடி கட்டியவருக்குத்தான் தெரியும். 2021 தேர்தலில் அ.தி.மு.க. வாஷிங் மெஷின் தருவதாக வாக்குறுதி கொடுத்துத் தோற்றது. துவைத்த பிறகு மடிக்கப்போவது யார் என்று வாக்காளர்கள் யோசித்திருக்கக்கூடும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். தேர்தல் ஆய்வாளர்கள் வேறு காரணங்களைச் சொல்வார்கள்.

மடிப்பதற்கே இயந்திரம் செய்தால் என்ன? செய்து பார்த்தார்கள். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் பி.ஆர்.2 என்ற ரோபோவுக்குத் துண்டு மடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அது குவியலிலிருந்து ஒரு துண்டை எடுக்கும், தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கும், முனை எங்கே என்று கண்டுபிடிக்கும், மேசையில் போட்டு மடிக்கும், கடைசியில் தட்டியும் கொடுக்கும். கொடுத்த 50 துண்டுகளையும் பிழையில்லாமல் மடித்தது. துண்டு ஒன்றுக்கு ஆன நேரம் சராசரியாக 25 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. பழந்தமிழ்க் கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிடம். துண்டுக்கு ஒரு நாழிகை என்றால், ஆறு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கொரு துண்டு மடித்து முடிவதற்குள் ஒரு சிறுபொழுதில் பாதிக்குமேல் போய்விடும். இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கல்லுக்கும் டப்பாவுக்கும் உருவம் உண்டு. துணி ஒவ்வொரு முறை கீழே விழும்போதும் புது உருவம் எடுக்கிறது. சட்டை மடிக்கும் அலமாரி செய்த ஜப்பானின் செவன் டிரீமர்ஸ் நிறுவனம் 2019இல் திவாலானது. இஸ்ரேலின் ஃபோல்டிமேட் 2021இல் மூடப்பட்டது. அதன் இயந்திரத்துக்குச் சட்டையை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிக் கொடுக்க ஒரு மனிதர் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. அந்த மனிதர் யாராக இருந்திருப்பார் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

எனவே ஓவன் விட்டுப்போன கேள்விக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. இதற்கு விடை தேட இந்திய அரசிடமே ஒரு கருவி இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இலும் 2024இலும் நாடு தழுவிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நடத்தியது. அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் அதிகாலை 4 மணி வரை உள்ள பொழுதை 48 அரைமணித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். சம்பளமில்லா வீட்டு வேலை செய்தவர்களில், 2019இல் பெண்களின் சராசரி ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஆண்களின் சராசரி 97 நிமிடம். 2024இல் பெண்கள் 289, ஆண்கள் 88. ஐந்தாண்டில் பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சமானது. ஆண்கள் அந்தப் பத்தை ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தால், அவர்களும் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். சமத்துவத்துக்கு இதைவிட நெருங்கிய அளவு அந்த அறிக்கையில் கிடைப்பது கடினம். இதிலும் 97 என்பது வேலை செய்த ஆண்களின் சராசரி மட்டுமே. 2019இல் அப்படி ஏதாவது செய்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர். பெண்கள் 81 பேர்.

துணி மடிப்பு இதில் எங்கே? இத்தகைய கணக்கெடுப்புகளுக்கென்று ஐ.நா. 2016இல் வகுத்த பட்டியலில் துவைப்பது தனி, உலர்த்தி எடுப்பது தனி, இஸ்திரியும் மடிப்பும் தனி. கொள்கையளவில் மடிப்புக்கு முழு மரியாதை உண்டு. நடைமுறையில் ஒரு சிக்கல். தமிழ்நாட்டில் துணி மடிப்பது பெரும்பாலும் சீரியல் நேரத்தில். கணக்கெடுப்பின் துண்டும் அரை மணி, சீரியலும் அரை மணி. ஒரே துண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட செயல் நடந்தால் அவற்றில் ஒன்றை முதன்மைச் செயல் என்று குறிக்கிறார்கள். மடியில் துண்டை வைத்துக்கொண்டு, கண் டிவியிலும் கை துணியிலுமாக இருந்த அம்மாவிடம் எட்டரை மணிக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால், ‘சும்மா டிவி பாத்துட்டு இருந்தேங்க’ என்பார். அது பொய்யுமல்ல. கதையில் யார் யாரைக் கெடுக்கத் திட்டம் போட்டார்கள் என்பது முழுக்கத் தெரிந்திருக்கும், நாற்காலியும் காலியாகியிருக்கும். அரசு ஆவணத்தில் அந்த அரை மணி பொழுதுபோக்கில் போய் உட்கார்ந்துவிடும். அதே அரை மணி நேரம் அதே சீரியலை வெறுங்கையோடு பார்த்த அப்பாவின் பொழுதுபோக்கும், அம்மாவின் பொழுதுபோக்கும் அட்டவணையில் ஒரே எடை. மடிப்பது எந்த எட்டு என்றால், இரண்டாவது எட்டின் இருக்கையில் அமர்ந்து முதல் எட்டின் வேலையைச் செய்வது; கூலி மட்டும் எந்த எட்டிலும் இல்லை.

நீதிமன்றம் இந்த விஷயத்தில் புள்ளியியலைவிட ஒரு அடி முன்னால் போயிருக்கிறது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவர் வெளியே சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் பங்கு உண்டு, அவருடைய வீட்டு உழைப்பும் அந்தச் சொத்துக்கான பங்களிப்புதான் என்று தீர்ப்பளித்தார்.

வீட்டில் உள்ள எல்லாரும் மடிக்கப் பழகினால் தீரும் என்போரும் உண்டு. மேரி கோண்டோவின் மாணவர்கள் அப்படிச் சொல்வார்கள். துணியைச் செங்குத்தாக நிற்கும்படி மடித்து இழுப்பறையில் அடுக்கும் முறையை உலகத்துக்கே கற்றுக்கொடுத்தவர் அவர். மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு வீட்டை ஒழுங்காக வைப்பதை ஓரளவு கைவிட்டுவிட்டதாக 2023இல் அவரே சொல்லிவிட்டார். அவர் வீட்டு நாற்காலியின் நிலவரம் வெளியாகவில்லை.

நம்பிக்கை தருபவை பெரிய துணிகள் மட்டுமே. ஐந்தரை மீட்டர்ப் புடவையையும் இரட்டைக் கட்டில் விரிப்பையும் ஒருவரே ஒழுங்காக மடிப்பது கடினம். கட்டாயம் இன்னொருவர் வேண்டும். வீட்டில் வேறு ஆளில்லாத வேளையில் ஆண் அழைக்கப்படுவது இதற்காக மட்டுமே. அவர் இரண்டு முனையைப் பிடிக்கிறார். எந்த முனை என்று தெரியாமல் குறுக்கே பிடிக்கிறார். மாற்றிப் பிடிக்கச் சொன்னதும் உடம்பைத் திருப்புகிறார். பிறகு இருவரும் நடந்து வந்து விரல்களைத் தொட்டு முனைகளைக் கைமாற்றிக்கொள்கிறார்கள். கணக்கெடுப்புக்காரர் மறுநாள் வந்தால் துணி மடித்ததாக அந்த ஆண் மறக்காமல் சொல்வார், முதன்மைச் செயலாகவே. இருவர் இல்லாமல் முடியாதபடி எல்லாத் துணியையும் கட்டில் விரிப்பு அளவுக்கு நெய்தால் பிரச்சினை தீரும் என்று கைத்தறித் துறைக்கு இக்கட்டுரை பரிந்துரைக்கிறது.

ஆனால் நான்கு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த புது ரக விரிப்பு சந்தைக்கு வந்துவிட்டது. அதற்கு முனையே கிடையாது. ஒருவராலும் மடிக்க முடிவதில்லை, இருவராலும் முடிவதில்லை. உருட்டி அலமாரியின் அடித்தட்டில் திணித்துவிட்டு, மேலே இரண்டு நல்ல துண்டை மடித்து வைத்து மறைக்கிறார்கள்.