மூக்கைப் பொத்தாதே மருமவனே

சுவீடனுக்குப் போறியாம்லா, ரெண்டு வருசம் கம்பெனி வேலைன்னு கேள்விப்பட்டேன். சந்தோசம். உங்கம்மை நேத்துல இருந்து பருப்புப்பொடி இடிச்சிக்கிட்டே இருக்கா. பெட்டியில துணிமணிக்கு எடம் மிச்சம் இருக்கான்னு ஒரு தரம் பாத்துக்கோ. "கண்டதையும் திங்காத ராசா"ன்னு அவ சொல்லுவா. தாய்மாமன் நான் சொல்லுதேன், கண்டதையும் தின்னு. பருப்புப்பொடியை ஏரல்ல உக்காந்தே திங்கலாமே, அதுக்கு எதுக்குல விமானம்? ஆனா எப்படித் திங்கணும்ங்கதைக் கேட்டுட்டுப் போ. கப்பல்ல பண்டாரியா சோறு பொங்கிக்கிட்டே ஊரு சுத்துனவன் நான். ஒரு துறைமுகத்துலயும் கோபுரம் பாத்ததில்ல, கோட்டை பாத்ததில்ல. அடுக்களை பாத்திருக்கேன்.

மொதல்ல அந்தப் போனைக் கீழ வை. உன்னை மாதிரி பயலுவ தட்டு வந்ததும் போனுக்குத்தான் மொத வாய் ஊட்டுதான். அது தின்னு முடிச்ச பெறவு மூஞ்சியை அஷ்டகோணலாக்கிக்கிட்டு இவன் ஒரு துண்டை வாயில போடுதான். பக்கத்து மேசையில அந்த ஊருக் கெழவி ஒருத்தி அதையே பேத்திக்குப் பெசைஞ்சு குடுத்துக்கிட்டு இருப்பா. நீ அவளைப் பாரு. எதைத் தொட்டுக்கிடுதா, எதைச் சீவி ஒதுக்குதா, எத்தனை வாயோட நிறுத்துதா. அவ நிறுத்துத எடத்துல நீயும் நிறுத்திட்டேன்னா ஆசுபத்திரிச் செலவு மிச்சம்.

ஐஸ்லாந்து பக்கம் போனேன்னா ஹாகார்ல்னு ஒரு சுறாவை நீட்டுவான். கிரீன்லாந்துச் சுறா. பிடிச்ச கையோட பச்சையாத் தின்னா விசம், யூரியாவும் வேற நச்சும் ஒடம்பு பூரா ஊறிக்கெடக்கும். வேற ஊர்க்காரனா இருந்தா கடல்லயே விட்டுட்டுப் போயிருப்பான். பசிச்சவன் விடுவானா? சரளைமண்ணுல குழி தோண்டி, சுறாவைப் புதைச்சு, மேல பாறாங்கல்லை ஏத்தி, ரெண்டு மூணு மாசம் அந்தப் பக்கமே போவல. நச்சுத்தண்ணி எல்லாம் வடிஞ்சு போச்சு. பெறவு தோண்டி எடுத்து, காத்தோடுத கொட்டகையில இன்னும் சில மாசம் தொங்கவிட்டான். மேல பழுப்பாப் பொருக்குத் தட்டும். அதைச் சீவி எறிஞ்சிட்டு, உள்ளதைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, குச்சியில குத்தி, கூடவே பிரென்னிவின்னு ஒரு சாராயம் ஒரு மடக்கு. இதை மொத மொதல்ல ருசி பாத்தவன் யாரோ, அவன் வீட்டுல எத்தனை நாளு அடுப்பு எரியலையோ. வாடையைக் கேக்காத, பஸ் ஸ்டாண்டு மூத்திரச்சந்துல மூச்சை இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். அமோனியா இல்லா! ஆனா கொஞ்சம் மரியாதை குடுத்துத் தின்னு. 2016ல அந்தச் சுறாக்களை ஆராய்ஞ்சவங்க, அதுல பெரிசு ஒண்ணுக்கு வயசு கொறைஞ்சது 272 இருக்கும்னு கணக்குச் சொன்னாவ. கயத்தாத்துல கட்டபொம்மனைத் தூக்குல போட்ட 1799ல குட்டியா நீந்துன ஒண்ணு, இன்னும் அங்கன நீந்திக்கிட்டு இருந்தாலும் இருக்கும். அப்பேர்ப்பட்ட பெரிய மனுசனைக் குச்சியில குத்தி வச்சுக்கிட்டுப் பல்லைக் காட்டிப் படம் எடுக்கது நல்லாவா இருக்கு?

சார்டினியாத் தீவுல காசு மார்சுன்னு செம்மறிப் பால்ல ஒரு பாலாடைக்கட்டி. ஈயைக் கூப்பிட்டு முட்டையிடச் சொல்லி, புழு நெளிய நெளியத் திங்கான். அது அரையடி உயரத்துக்குத் துள்ளும், அதனால ஒரு கையால மறைச்சுக்கிட்டே கடிக்கணும். துள்ளுனா நல்ல சரக்கு, செத்துக்கெடந்தா கெட்ட சரக்கு, அவன் கணக்கு அப்படி. கடையில விக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, அதனால தெரிஞ்சவன் கையில இருந்து தெரிஞ்சவன் கைக்குப் போவும். நம்ம வீட்டு உளுந்துல ஒத்தை வண்டு கண்டதுக்கு உங்கத்தை மளிகைக்கடைக்காரனோட மூணு தலைமுறையை இழுத்து வைதா. நீ துட்டுக் குடுத்து வாங்கப் போற. வாங்கு. ஆனா நல்லா மென்னு முழுங்கு, உசுரோட உள்ள அனுப்பாத. அதுக்கு உன் வயித்துல குடியிருக்க வாடகைச் சீட்டு எழுதிக் குடுக்காத.

ஜப்பான் போனா மட்டும் வீரத்தைப் பெட்டியிலயே வச்சுப் பூட்டு. வலையில பேத்தை ஏறுனா நம்மாளு தூக்கிக் கடல்லயே எறிஞ்சிருவாம்லா? அதை அங்க ஃபுகுன்னு கொண்டாடுதான். லைசென்சு வாங்குன சமையக்காரன்தான் கத்தி வைக்கணும். ஈரல்லயும் சினையிலயும் விசம், முறிவு மருந்து கெடையாது. 1975ல பாண்டோ மிட்சுகோரோன்னு பேரு போன கபுகி நாடக நடிகர், நமக்கு ஒண்ணும் ஆவாதுன்னு கியோட்டோவுல நாலு தட்டு ஈரலைத் தின்னாரு. மேடையில எத்தனை தரம் செத்துச் செத்து எந்திரிச்சாரோ, அன்னிக்கு எந்திரிக்கல.

பூச்சிக்கெல்லாம் அலறாத. கம்போடியாவுல ஸ்குவோன்னு ஒரு ஊர்ல கையகலச் சிலந்தியைப் பொரிச்சு ரோட்டோரமா அடுக்கி விக்காவ. மெக்சிகோவுல ஓஹாகா சந்தையில வெட்டுக்கிளியைப் பூண்டும் எலுமிச்சையும் போட்டு வறுக்கான். மழை வெறிச்ச ராத்திரியில வெளக்கு வச்சு ஈசல் புடிச்சு, எறகைப் புடைச்சு, அரிசியோட வறுத்துக் கொறிச்ச ஊருதான் இதுவும். உங்க தாத்தாவும் கொறிச்சவருதான், கேட்டா இல்லன்னுவாரு. ஒரே ஒரு காரியம். எறா தின்னா உனக்கு ஒடம்பு தடிக்கும்லா? பூச்சிக்கும் தடிக்கலாம், ரெண்டுலயும் ஒரே ஜாதிப் புரதம் உண்டு. அந்த விசயத்துல மட்டும் உங்கம்மை பேச்சைக் கேளு.

சரி, நீ போற ஊருக்கு வாரேன். அங்க சுர்ஸ்ட்ரோமிங்னு ஒண்ணு இருக்கு. பால்டிக் கடல் மீனு, நம்ம சாளைக்குப் பங்காளி முறை. ஆறுமுகநேரிப் பக்கம் போனா உப்பு வெள்ளை வெளேர்னு மலையாக் குவிஞ்சு கெடக்கு நமக்கு. அவியளுக்கு அந்தக் காலத்துல உப்பு எட்டாத வெலை. அதனால மீனு அழுகாத அளவுக்கு மட்டும் கொஞ்சூண்டு உப்பைக் கரைச்சு, பீப்பாயில புளிக்கவிட்டான். இப்ப டப்பாவுல அடைக்கான். உள்ள போன பெறவும் அது சும்மா கெடக்காது, புளிச்சுப் புளிச்சு டப்பா வயிறு உப்பிக்கிடும். 2006ல ஏர் பிரான்ஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் வெடிச்சாலும் வெடிக்கும்னு விமானத்துலயே ஏத்த மாட்டோம்னுட்டாவ. ஆகஸ்டு மாசம் மூணாவது வியாழக்கிழமை புதுச் சரக்கு தொறக்கது வழக்கம். வெவரம் தெரிஞ்சவன் வீட்டுக்குள்ள தொறக்க மாட்டான். தோட்டத்துல வச்சு, வாளித் தண்ணியில முக்கிப் பிடிச்சுத் தொறப்பான். மெல்லிசு ரொட்டியில வெண்ணெய் தடவி, அவிச்ச உருளைக்கிழங்கும் நறுக்குன வெங்காயமும் பரப்பி, நடுவுல மீனைக் கொஞ்சமா வச்சுச் சுருட்டிக் கடிச்சான்னா அது அவனுக்குத் திருவிழா. முழு மீனை அப்படியே வாயில கவுத்துட்டு வாந்தி எடுத்துக் காட்டுதது போனுல வாரவன் மட்டுந்தான்.

உன்னைப் பத்தி ஒண்ணு ஞாபகம் வருது. போன பொங்கலுக்கு உங்கத்தை சாளைக் கருவாடு சுட்டதுக்கு மூக்கைப் பொத்திக்கிட்டு மொட்டைமாடியில போயி நின்னியே, "அத்தை, ஸ்மெல்லு"ன்னு. அங்க வெள்ளைக்காரன் அதே சாளையோட பங்காளியை நாறவிட்டுத் தந்தா, "புது அனுபவம்"னு ஸ்டேட்டஸ் போடுவ. போடு, நான் ஒண்ணும் சொல்லல. உங்கத்தைக்கும் இப்ப போன் இருக்கு, அதை மட்டும் மறந்திராத.

அப்பெறம் மாமனுக்கு ஒரு ஒத்தாசை. அந்த டப்பாவுல ஒண்ணு எனக்கு வேணும். விமானம் ஆவாது, கப்பல்ல போட்டுவிடு. தூத்துக்குடியில நமக்கு ஆளு இருக்கு. எதுக்குன்னா கேக்க? 1981ல ஜெர்மனியில வாடகைக்கு இருந்த ஒருத்தன் மாடிப்படியில இந்த டப்பாத் தண்ணியை ஊத்திட்டான். வீட்டுக்காரன் உடனே காலி பண்ணச் சொல்ல, கேசு கோர்ட்டுக்குப் போச்சு. வீட்டுக்காரன் தரப்புல கோர்ட்டுக்குள்ளயே ஒரு டப்பாவைத் தொறந்து காட்டுனாவ. தீர்ப்பு வீட்டுக்காரன் பக்கம். வடக்கு வீட்டுக்காரனுக்கும் எனக்கும் உள்ள வேலித்தகராறு ஸ்ரீவைகுண்டம் கோர்ட்டுல வாய்தா மேல வாய்தாவா இழுத்துக்கிட்டுக் கெடக்குலா. அடுத்த வாய்தாவுக்கு முந்தி வந்து சேருத மாதிரி அனுப்பு. நம்ம வக்கீலு கிட்ட இப்பவே சொல்லிர வேண்டாம், மனுசன் பயந்துருவாரு.