ரோட்டரி காருக்குப் புது கியர்பாக்ஸ்: ஆறு படிகளில் அழகான சிக்கல்

உங்களிடம் 1990களின் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 ஒன்று, எஃப்டி ரகம், கேரேஜில் ஸ்டாண்டு மேல் நிற்கிறது. ஐந்தாவது கியர் போடும்போது கரகரவென்று அரைக்கிறது. கவலை வேண்டாம். கீழ்க்கண்ட படிகளை ஒழுங்காகப் பின்பற்றினால், இந்தச் சின்னக் கோளாறைச் சில வருடங்களுக்கு நீட்டிக்கலாம்.

படி 1: தேவையைக் கணக்கிடுங்கள். உங்கள் 13பி என்ஜின் வெறும் 1308 சிசி. பிஸ்டன் கிடையாது, சுழல்பவை இரண்டே ரோட்டர்கள். ஆனால் இப்போதுள்ள குதிரைத்திறனைப் பார்த்து யாரும் கியர்பாக்ஸ் வாங்குவதில்லை. பெரிய டர்போ மாட்டியபின் வரப்போகும் குதிரைத்திறனைப் பாருங்கள். டர்போ இன்னும் வாங்கவில்லை என்பது ஒரு பொருட்டே அல்ல.

படி 2: சொந்தக்காரர்களை ஒதுக்குங்கள். முந்தைய தலைமுறை ஆர்எக்ஸ்-7ஆன எஃப்சி டர்போவின் கியர்பாக்ஸ் உறுதியானதுதான். ஆனால் அதில் ரிலீஸ் பேரிங் கிளட்ச்சைத் தள்ளும், உங்களுடையதில் இழுக்கும். ஆர்எக்ஸ்-8இன் பெட்டியில் ஆறு கியர். ஐந்தைவிட ஆறு பெரிது என்ற கணக்கு இனிப்பாக இருக்கும். அது டர்போ இல்லாத என்ஜினின் மிதமான முறுக்கத்துக்காகச் செய்தது என்பதை வாங்கிய பிறகு படித்துக்கொள்ளலாம்.

படி 3: வெளியே தேடுங்கள். நிஸான் 350இசட்டின் சிடி009 அல்லது அமெரிக்க வி8 கார்களின் டி56. இரண்டும் இரும்பு மனசுக்காரர்கள். என்ஜினோடு சேர்க்க அடாப்டர், வேறு கிளட்ச், வேறு நீளத்தில் புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்பீடோமீட்டருக்கு ஒரு வழி ஆகியவற்றைத் தனியே வாங்குங்கள். இன்னொன்று: எஃப்டியில் கியர்பாக்ஸின் வாலையும் டிஃபரன்ஷியலையும் நீண்ட சட்டம் ஒன்று இணைத்துப் பிடித்திருக்கிறது. புதுப் பெட்டியில் அதை மாட்ட இடமில்லை. ஆகவே டிஃபரன்ஷியல் இனி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்றும் நீங்கள்தான் யோசிக்க வேண்டும். முன்னால் தொடங்கிய வேலை பின்சக்கரம்வரை வந்துவிட்டதா? சரியான பாதையில் போகிறீர்கள்.

படி 4: ஃப்ளைவீலை இலேசாக்குங்கள். ரோட்டர்கள் மையம் விலகிச் சுழல்வதால் ரோட்டரி என்ஜினுக்கு எதிர் எடை அவசியம். கம்பெனி ஃப்ளைவீலில் அது சேர்ந்தே இருக்கும், இலேசான ஃப்ளைவீலில் இருக்காது. அதனால் ஆட்டோமேட்டிக் ஆர்எக்ஸ்-7இன் எதிர் எடையைத் தேடிப் போக வேண்டும். ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களை இத்தனை நாள் நக்கலடித்ததற்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். ஃப்ளைவீல் நட்டு 54 மில்லிமீட்டர். அதற்கான சாக்கெட் உங்கள் கருவிப்பெட்டியில் இருக்காது. ஒருமுறை பயன்படுத்த அதையும் வாங்குங்கள்.

படி 5: கியர் விகிதத்தைக் கடைசியில் பாருங்கள். ரோட்டரிக்குக் கீழ்ச்சுற்றில் இழுவை குறைவு; எட்டாயிரம் சுற்றை நெருங்கும்போதுதான் அதற்கு உற்சாகம் பிறக்கும். டி56இன் ஒரு ரகத்தில் ஆறாவது கியர் 0.50. ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் என்ஜின் ஒன்றுதான் சுற்றும். பெரிய வி8க்கு அது ஓய்வு. உங்கள் என்ஜினுக்கோ மூச்சுத்திணறல். தீர்வு எளிது: டிஃபரன்ஷியல் பல்லையும் மாற்றுங்கள்.

படி 6: "இவ்வளவு கழற்றியாச்சு, என்ஜினையும் ஒரு பார்வை பார்த்துடலாமே" என்று உரக்கச் சொல்லுங்கள். ரோட்டர் முனைகளிலுள்ள அபெக்ஸ் சீல்கள் உங்களுக்காகவே காத்திருக்கின்றன.

எச்சரிக்கை: பழைய பெட்டியைப் பிரித்து, தேய்ந்த சிங்க்ரோ ரிங்கையும் பேரிங்கையும் மாற்றி, அதே போல்ட்டுகளில் திரும்ப மாட்டிவிடும் சிலர் இருக்கிறார்கள். அடாப்டர் வேண்டாம், சட்டமும் அப்படியே இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களை கேரேஜில் பிடிக்க முடியாது. வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போயிருப்பார்கள்.