ஒன்பது மணிக்கு மேல் முதலாளி

தொழிலுக்கு முதல் வேண்டும் என்பார்கள். என்னிடம் கதை இருந்தது. அதுவும் சர்க்காரே எழுதிக் கொடுத்த கதை. மைசூர் சாலை எங்கள் குண்டலுபேட்டையில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று ஊட்டிக்கும் இன்னொன்று வயநாடு வழியாகக் கோழிக்கோட்டுக்கும் போகிறது. நடுவில் பந்திப்பூர் காடு. விலங்குகள் அடிபடக் கூடாதென்று 2009 முதல் இரவு 9 மணிக்கு அடைத்த பாதையைக் காலை 6 மணிக்குத்தான் திறக்கிறார்கள். ஆம்புலன்சுக்கும் சில அரசு பஸ்களுக்கும் மட்டும் விலக்கு.

"ஒன்பது அஞ்சுக்கு வந்து சேர்றவன் என்ன பண்ணுவான்?" என்றேன் மனைவியிடம்.

"தலையெழுத்தேன்னு நொந்துக்குவான்."

"நொந்துக்கிட்டே டீ குடிப்பான். விடியவிடியக் குடிப்பான்!"

"ஒன்பதரைக்குக் குறட்டை விடுற ஆளு நீங்க. யாரு ஆத்திக் குடுக்கிறது?"

இந்தக் கதையை மச்சினனிடம் சொன்னபோது டீயோடு பரோட்டா சேர்ந்தது. கடன் கேட்டு பேங்கில் சொன்னபோது மாடியில் லாட்ஜே எழும்பிவிட்டது. அதிகாரி ரசித்துக் கேட்டார். கடன்தான் வரவில்லை.

இருந்ததைப் புரட்டிக் கடை போட்டேன். பகல் வியாபாரம் ஆடி, ஆவணியில் சூரியகாந்தி பார்க்க வரும் கேரளக் கார்களை நம்பி. "சேட்டா, பூவெல்லாம் ஏன் அந்தப் பக்கமே பார்க்குது?" என்றார் ஒருவர். விடுவேனா? மொட்டாக இருக்கும்போதுதான் சூரியனோடு திரும்பும், முற்றிவிட்டால் கிழக்கையே பார்த்து நிற்கும் என்று விளக்கினேன். விளக்கி முடிவதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. பக்கத்து வயல்காரரோ "போட்டோக்கு காசு குடுங்க" என்பதற்கு மேல் வாயே திறக்கவில்லை. கல்லா நிறைந்தது அவருக்கு.

சரி, ராத்திரி இருக்கிறதே என்று காத்திருந்தேன். லாரிகள் வரிசையாக வந்து நின்றன. டிரைவர்கள் இறங்கினார்கள். கூடவே அவர்களுடைய ஸ்டவ், அரிசி மூட்டை, மிளகாய்த்தூள், குழம்புச் சட்டி எல்லாம் இறங்கின. என்னிடம் தண்ணீர் மட்டும் கேட்டார்கள். நாமக்கல்காரர் ஒருவர், "ஒண்டியா உக்காந்திருக்கீங்களே, சாப்ட்டீங்களாண்ணே?" என்று தட்டை நீட்டினார்.

வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள்: "வியாபாரம் எப்படி?"

"மீன் குழம்பு."

"நம்ம கடையிலயா? எவ்வளவுக்கு வித்தீங்க?"

"விக்கல. சாப்பிட்டேன். என்ன ருசிங்கிற!"

மறுநாள் கிளம்பும்போது கையில் ஒரு தூக்குவாளியைக் கொடுத்தாள். காலியாக இருந்தது.

"எனக்கும் கொஞ்சம் வாங்கிட்டு வாங்க."