நாலடிக்கு ஏழடி: பாத்ரூம் கேள்வி-பதில்

எங்கள் ஃப்ளாட்டில் பாத்ரூம் 4க்கு 7 அடி. இடித்துப் புதிதாகச் செய்யப்போகிறோம். எங்கிருந்து ஆரம்பிப்பது?
*— வாசகர், குரோம்பேட்டை*

டைல்ஸ் கடையிலிருந்து என்பார் டைல்ஸ் கடைக்காரர். நீங்கள் கழிவு பைப்பிலிருந்து ஆரம்பியுங்கள். அந்த நாலு இஞ்ச் பைப்தான் வீட்டுப் பெரியவர். அவர் உட்கார்ந்த இடத்தில் க்ளோசெட். மிச்சம் மீதியில்தான் மற்றவர்களுக்கு இடம். அவரை நகர்த்தலாமா? நகர்த்தலாம், வாட்டம் கிடைத்தால். பைப் தள்ளிப் போகப் போகத் தரைக்குள் இறங்கிக்கொண்டே போக வேண்டும். உங்கள் தரைக்கு அடியில் இருப்பதோ கீழ்வீட்டுக்காரரின் கூரை.

க்ளோசெட், குளியல் இரண்டும் ஒரே அறையில் என்றால் குறைந்தது 2.8 சதுர மீட்டர் வேண்டும் என்கின்றன தேசியக் கட்டட விதிகள். உங்களுடையது 2.6. குறைகிற இரண்டு சதுர அடியை பில்டரிடம் கேட்க முடியாது, ஆகவே இருப்பதைப் பங்கு பிரிப்போம். கதவு குறுகிய பக்கச் சுவரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். கதவை ஒட்டி வாஷ்பேசினுக்கு ஒன்றரை அடி. அடுத்து க்ளோசெட்டுக்கு இரண்டரை அடி. உட்காருபவரின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 15 இஞ்ச் இருந்தால்தான் முழங்கை இடிக்காது. கடைசியில் குளிக்க 3 அடி. கூட்டிப் பாருங்கள், சரியாக 7. சுவர் டைல்ஸும் கலவையும் பக்கத்துக்கு ஓர் இஞ்ச் தின்னும். அதை வாஷ்பேசின் பங்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

அகலம்தான் இடுக்கு. 48 இஞ்சில் டைல்ஸ் போக 46. 26 இஞ்ச் நீள க்ளோசெட் வைத்தால் முன்னால் மிஞ்சுவது 20. முழங்காலுக்குப் போதும், பேப்பர் விரித்துப் படிக்கப் போதாது. அதற்கு மேல் ஓர் இஞ்ச் நீளமாகக் கூட க்ளோசெட் வாங்காதீர்கள்.

டிசைனர் தந்த 3டி படம் பிரமாதமாக இருக்கிறது. நம்பிச் செய்யலாமா?
*— வாசகி, திருநெல்வேலி*

படத்தில் பக்கெட் இருக்கிறதா, பாருங்கள். இருக்காது. அழுக்குத்துணிக் கூடை இருக்காது, கழுவும் பிரஷ் இருக்காது, தாத்தா உட்கார்ந்து குளிக்கும் ஸ்டூலும் இருக்காது. ஒரு ஆர்க்கிட் பூ மட்டும் இருக்கும்.

ஷவர் எவ்வளவு விலையில் மாட்டினாலும், தண்ணீர் லாரி வரும் மாதங்களில் நாம் பக்கெட்டும் மக்குமாகத்தான் குளிக்கப்போகிறோம். எனவே பக்கெட்டுக்கு ஒரு அடி சதுரம் எழுதிவைத்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள். பக்கெட் நிரப்பும் குழாய்க்கு அடியில் பக்கெட் நுழைய வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் கீழே குழாய் வைத்துவிட்டு, பக்கெட்டைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கும் வீடுகள் ஏராளம்.

அப்புறம் ஒரு சாக்பீஸ், ஒரு இஞ்ச் டேப். மொட்டை மாடியில் பாத்ரூமை முழு அளவில் வரையுங்கள். க்ளோசெட் இடத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். குளிக்கும் மூலையில் பக்கெட்டை வைத்து, குனிந்து, முதுகு தேய்ப்பதுபோல் கையைச் சுழற்றுங்கள். அடுத்த மாடியில் பார்ப்பவர்கள் ஏதாவது நினைத்துக்கொள்வார்கள், நினைக்கட்டும். முழங்கை கோட்டைத் தாண்டினால் சாக்பீஸை அழிக்கலாம். சுவரை அழிக்க கொத்தனார் கூலி ஆகும்.

ஆஃபரில் க்ளோசெட் வாங்கிவிட்டோம். “அளவு சேரல” என்கிறார் பிளம்பர். மாற்றித்தர மாட்டேன் என்கிறது கடை.
*— வாசகர், ஓசூர்*

க்ளோசெட்டின் வாய் தரையைப் பார்த்தால் எஸ் ட்ராப், சுவரைப் பார்த்தால் பி ட்ராப். எஸ் ட்ராப் என்றால் சுவரிலிருந்து ஓட்டையின் நடுவரைக்கும் அளவு முக்கியம். கடைகளில் அதிகம் கிடைப்பது 9 இஞ்ச், 12 இஞ்ச். இந்த அளவு டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து. செங்கல் சுவரில் டேப் வைத்து 12 என்று அளந்திருப்பீர்கள். பூச்சும் டைல்ஸும் ஏறியதும் அது 11 ஆகியிருக்கும். க்ளோசெட் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும்.

மாறுபாடு ஓர் இஞ்ச்தான் என்றால், ஆஃப்செட் கனெக்டர் போட்டுச் சமாளிக்க முடியுமா என்று பிளம்பரிடம் கேளுங்கள். மூன்று இஞ்ச் என்றால் க்ளோசெட்டை யாருக்காவது கிரகப்பிரவேசப் பரிசாகக் கொடுத்துவிடுங்கள்.

வாஸ்துப்படி க்ளோசெட் எந்தத் திசையில் இருக்க வேண்டும்?
*— வாசகி, கும்பகோணம்*

டவுன் பைப் இருக்கும் திசையில்.

கீழ்வீட்டில் ஓதம் அடிக்கிறது. பழைய டைல்ஸ் மேலேயே புதிய டைல்ஸ் ஒட்டினால் சரியாகிவிடும் என்கிறார் மேஸ்திரி.
*— வாசகர், மடிப்பாக்கம்*

சரியாகாது, கொஞ்ச நாள் தெரியாது, அவ்வளவுதான். டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டுவது அழகுக்குச் செய்கிற வேலை. தரை அரை இஞ்ச் உயரும், கதவு இடிக்கும், தரைத் தண்ணீர் வடியும் நானி ட்ராப் பள்ளத்துக்குள் போகும். ஒழுகல் அடியிலேயே இருக்கும்.

ஓதம் அடித்தால் தோண்டித்தான் ஆக வேண்டும். பழைய பூச்சை எடுத்து, வாட்டர்புரூஃபிங் பூசி, சுவரிலும் ஓர் அடி உயரத்துக்கு ஏற்றி, பைப் தரைக்குள் நுழைகிற இடங்களைத் தனியாக அடைக்கச் சொல்லுங்கள். ஒழுகல் பெரும்பாலும் அந்தச் சந்தில்தான். காய்ந்ததும் நானி ட்ராப்பை அடைத்துத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். தண்ணீர் மட்டத்துக்குச் சுவரில் பென்சில் கோடு போட்டுவைத்து, கீழ்வீட்டுக் கூரையை நீங்களே போய்ப் பாருங்கள். காபி கிடைத்தாலும் கிடைக்கும்.

டைல்ஸ் ஒட்டும் நாளில் ரசமட்டத்தோடு பக்கத்திலேயே நில்லுங்கள். அடிக்குக் கால் இஞ்ச் இறக்கம் இருந்தால் தண்ணீர் தானாகப் போகும். கலவை இறுகும் முன்பே ஒரு மக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த டைல்ஸ் மூலையில் தேங்குகிறதோ அதை அப்போதே தூக்கி வைக்கலாம்.

கறுப்பு டைல்ஸ், கண்ணாடித் தடுப்பு. ஓட்டலில் பார்த்தது. எங்கள் போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு.
*— வாசகி, வேளச்சேரி*

ஓட்டலில் தினமும் துடைக்க ஆள் இருக்கிறார். உங்கள் வீட்டில் அந்த ஆள் நீங்கள்தான். உப்புத் தண்ணீர் காய்ந்தால் கறுப்பில் வெள்ளைக் கோலம் போடும், கண்ணாடியில் பனி படரும். இளஞ்சாம்பல், மணல் நிறங்கள் உப்பை மறைத்துவிடும். ஈரம் பரவாமல் இருக்க வேண்டும் என்றால், குளிக்கும் இடத்தை முக்கால் இஞ்ச் தாழ்த்தினாலே போதும். கண்ணாடி வேண்டியதில்லை.

மாமனாருக்கு 78 வயது. அவருக்காக என்னென்ன மாற்ற வேண்டும்?
*— வாசகி, மதுரை*

முதலில் கதவு. உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்து கிடந்தால், வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. வெளிப்பக்கம் திறக்கட்டும். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து நாணயத்தால் திருகித் திறக்கும் வகையாக இருக்கட்டும். கதவை மாற்றினால் உள்ளே இடமும் மிச்சமாகும். சின்ன பாத்ரூமில் காசு கொடுத்தாலும் கிடைக்காத இடம்.

அடுத்து கைப்பிடி. க்ளோசெட் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று, தரையிலிருந்து 33 முதல் 36 இஞ்ச் உயரத்தில். டவல் கம்பியைப் பிடித்துக்கொள்ளலாமே என்பார்கள். அது துண்டைத் தாங்கச் செய்தது. ஆள் தொங்கினால் கம்பியோடு வருவார். கைப்பிடிக்கு உறுதியான செங்கல் அல்லது கான்கிரீட் சுவர் வேண்டும். தரைக்கு மேட் ஃபினிஷ் டைல்ஸ், கடையிலேயே ஈரக் காலால் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள். இரவில் எரிய ஒரு சின்ன விளக்கு, சுவிட்ச் கதவுக்கு வெளியே.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? “எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்” என்பார். கேட்டுவிட்டு மாட்டிவிடுங்கள்.

கரண்ட் பில்லுக்குப் பயந்து பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் வைக்கலாமா?
*— வாசகர், கோவை*

கூடாது. இதில் வேடிக்கை இல்லை. மூடிய சின்ன அறையில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமில்லை, வாசமில்லை, குளிப்பவர் மயங்கி விழுவது வெளியில் தெரியாது. கேஸ் கீசர் வேண்டுமென்றால் காற்றோட்டமான வெளிப்புறத்தில் மாட்டி, வெந்நீர் பைப்பை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். மின்சாரக் கீசர் என்றால் 2 கிலோவாட்டுக்கு 16 ஆம்பியர் பிளக், ஒழுங்கான எர்த், மின்கசிவில் கரண்ட்டை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இந்த மூன்றையும் டைல்ஸ் பட்ஜெட்டில் கைவைத்தாவது செய்யுங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது, ஈர வாடை போகவில்லையே?
*— வாசகர், திருச்சி*

கதவுக்கு அடியில் சந்து இருக்கிறதா? உள்ளே காற்று வர வழியில்லாமல் ஃபேன் எதை வெளியே தள்ளும்? அரை இஞ்ச் விடுங்கள். அப்படியும் சாக்கடை வாடை என்றால் நானி ட்ராப் காய்ந்திருக்கும். அதில் தேங்கும் தண்ணீர்தான் மூடி. ஊருக்குப் போய் வந்ததும் ஒரு மக்கு ஊற்றுங்கள்.

வீட்டில் ஒரே பாத்ரூம். வேலை நடக்கும்போது என்ன செய்வது?
*— வாசகி, அம்பத்தூர்*

பக்கத்து வீட்டோடு சண்டை ஏதாவது இருந்தால் இந்த வாரமே சமாதானம் ஆகிவிடுங்கள்.

“பார்த்துக்கலாம் சார்” என்கிறார் மேஸ்திரி. எதை நான் பார்த்துக்கொள்ள வேண்டும்?
*— வாசகர், வேலூர்*

டைல்ஸ் ஏறுவதற்கு முந்தின நாளைத் தவறவிடாதீர்கள். பைப், வயர் எல்லாம் சுவரில் திறந்து கிடக்கும். ஒவ்வொரு பைப் பக்கத்திலும் இஞ்ச் டேப்பை விரித்துப் பிடித்து நாலு சுவரையும் போட்டோ எடுங்கள். தரையிலிருந்து எத்தனை இஞ்ச், மூலையிலிருந்து எத்தனை இஞ்ச் என்று படத்திலேயே தெரிய வேண்டும். மூன்று வருடம் கழித்து டவல் கம்பி மாட்ட ஒருவர் டிரில்லோடு வருவார். அவரிடம் முதலில் போட்டோவைக் காட்டுங்கள், சுவரை அப்புறம்.