மாகாணிக் கொக்கும் அந்தர மீன்கொத்தியும்

கவிநாடு கண்மாய்க் கரையிலிருந்து ஒருவர்: கொக்கு படத்தின் நடுவில் பொட்டு மாதிரி இருக்கிறது. எவ்வளவு கிராப் செய்யலாம்?

பதில்: காலில் கால் மாகாணி என்று தாத்தா காலத்து வாய்பாடு சொல்கிறது. 24 மெகாபிக்சல் படம் 6000-க்கு 4000 புள்ளிகள். நீளத்திலும் உயரத்திலும் கால்வாசியை மட்டும் வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 1500-க்கு 1000. ஒன்றரை மெகாபிக்சல், சரியாக மாகாணி. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் அகலம் 5 அங்குலம் தேறும். ஆல்பத்துக்கு ஆகும், கூடத்துச் சுவருக்குக் காணாது. வெட்டும்போது கொக்கு பார்க்கிற பக்கம் தண்ணீரைத் தாராளமாக விடுவது நல்லது. அலகு நுனியில் சட்டம் இடித்தால் பார்ப்பவருக்கே மூச்சு முட்டும்.

அவரே மறுபடியும்: கொக்கு வெள்ளைவெளேரென்று இருக்கிறது, இறகே தெரியவில்லை. எடிட்டிங்கில் வருமா?

பதில்: ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். மூன்று நிறமும் உச்சியைத் தொட்டுவிட்ட இடத்தில் இறகு பதிவாகவே இல்லை. ஸ்லைடரை இழுத்தால் வெள்ளைச் சுவர் சாம்பல் சுவராகும், அவ்வளவுதான். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். அங்கே சற்று மீட்க இடமுண்டு. செலவில்லாத வைத்தியம் கரையிலேயே இருக்கிறது: உச்சி வெயிலில் வெள்ளைப் பறவை என்றால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்து எடுப்பது.

விராலிமலை வாசகி: மயில் கழுத்து நீலம் போதவில்லை. சாச்சுரேஷனை ஏற்றலாமா?

பதில்: அந்த நீலம் சாயமே அல்ல. இறகிழைக்குள் அடுக்கடுக்காக இருக்கும் மெலனின் நுண்குச்சிகள் ஒளியோடு செய்யும் ஜாலம். பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். ஆகவே மலையடிவாரத்தில் நான்கடி தள்ளி நின்றாலே பாதி வேலை முடிந்தது. ஸ்லைடரை முழுக்க ஏற்றினால் நீலம் பொங்கி இறகு வரிகளை விழுங்கிவிடும். மிஞ்சுவது தேர்க்கடை பிளாஸ்டிக் மயில்.

அன்னவாசல் இளைஞர்: மின்கம்பியில் உட்கார்ந்த மீன்கொத்தியை எடுத்து, கம்பியை மட்டும் அழித்தேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

பதில்: அந்தரத்தில் உட்கார்ந்து தவம் செய்யும் மீன்கொத்தியைப் பார்த்து வேறென்ன செய்வார்கள்?

பக்கத்துச் சித்தன்னவாசல் குகை விதானத்தில் தாமரைக் குளம் தீட்டியவர் மீன், பறவை, யானை, எருமை எல்லாவற்றையும் தன் விருப்பப்படி வைத்தார். அவர் ஓவியர், வைக்கலாம். கேமராக்காரர் கதை வேறு. 2010-இல் வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியில் ஸ்டெபான் ரூடிக் பரிசு வாங்கினார். மூலப்படத்தைத் தாறுமாறாக வெட்டியிருந்தார், கறுப்புவெள்ளையாகவும் மாற்றியிருந்தார், அதெல்லாம் உறுத்தவில்லை. ஓரத்தில் எட்டிப் பார்த்த யாரோ ஒருவரின் பாதத்துணுக்கை அழித்திருந்தார். பரிசு பறிபோனது.

மணமேல்குடி ஆசிரியர்: கணினியில் பளிச்சென்று இருக்கும் படம் வாட்ஸ்அப்பில் மங்குவது ஏன்?

பதில்: அனுப்பும்போதே சுருக்கிவிடுகிறது. டாக்குமென்டாக அனுப்பினால் சுருங்காது. மாகாணிக் கொக்கை மட்டும் அதுவும் காப்பாற்றாது.